சடையரின் கணக்கில் விடுபட்ட கசெற்றுகள்

இஞ்சாருங்கோ,

உங்களை வேறு எப்படிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஆறு வருடம் உங்களோடு குடும்பம் நடத்தியும் ஒரு நாளாவது பெயர் சொல்லி அழைத்ததில்லை. கடிதம் எழுதியதும் இல்லை. எழுத வேண்டிய தூரத்துக்கு நீங்கள் போனதே இல்லையே.

நீங்கள் போய் இந்த ஐப்பசியோடு இரண்டு வருடமாகிறது. கமலிக்கு ஆறு வயது. முன்பற்கள் இரண்டும் விழுந்துவிட்டன. அதனால் தன் பெயரைச் சொல்வதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் காற்றோடுதான் சொல்கிறாள். என்னைப் பெற்ற ஐயா இன்னும் வயலுக்குப் போகிறார். முழங்கால் நோகிறது என்கிறார், ஆனால் போகிறார். நானும் கமலியும் அவரோடுதான் இருக்கிறோம்.

உங்களுக்குச் சொல்ல ஒரு புதினம் இருக்கிறது. போன மாதம் ஒரு பின்னேரம், அடுத்த வளவு இங்கிலீஷ் மாஸ்டர் வேலிக்கரையில் வந்து நின்று கூப்பிட்டார்.

"தவமணி, உன்ர மனிசன் பெருமாளின்ர அந்த வெள்ளைக்காரப் பாட்டுக்காரர், சடையர், இண்டைக்கு றேடியோவில வந்தவை, தெரியுமோ?"

"பாடினவையோ மாஸ்டர்?"

"ரெண்டு பாட்டுப் போட்டவை. பிறகு அவையளைப் பற்றி ஒருத்தர் கதைச்சவர். எங்கட அந்தக் கசெற் உலகம் முழுக்க எவ்வளவு வித்தது எண்டு ஒரு கணக்கும் சொன்னவர்."

அந்த எண்ணை மாஸ்டர் சொன்னார். பெரிய எண்தான். எனக்கு அதை மனதில் வைத்திருக்கக்கூட முடியவில்லை. ஆனால் என் வாயில் வந்தது வேறு ஒரு கேள்வி.

"எங்கடையையும் சேர்த்தோ மாஸ்டர்?"

மாஸ்டர் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

"இல்லைப் பிள்ளை. அது கொம்பனி அடிச்சு, கடையில வித்த கசெற் மட்டும். நாங்கள் படி எடுத்தது ஆருக்குத் தெரியும்?"

"அப்ப அவையள் சொன்ன கணக்குப் பிழை" என்றேன். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். அது நான் சொன்னது அல்ல. நீங்கள் சொல்லியிருப்பீர்கள், அதே வேகத்தில், அதே கோபத்தில். குசினிக்குள் போய் நின்று கொஞ்சம் சிரித்தேன். பிறகு அழுதேன்.

இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்பலாம் என்று மாஸ்டர் சொல்கிறார். மற்றவர்களும் வாசிப்பார்கள் என்பதால் உங்களுக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்லப்போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் என்றால் இதற்குள் நாலு தரம் குறுக்கே பேசியிருப்பீர்கள்.

எழுபத்தேழுக் கலவரத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் அடி விழுந்து ஓடிவந்த குடும்பங்களில் ஒன்று உங்களுடையது. கையில் ஒரு துணி மூட்டையோடு தருமபுரத்துக் காட்டு ஓரத்தில் கொட்டில் போட்டீர்கள். குடியேறியவர்களுக்குக் கிணறு வெட்டிக்கொடுக்க ஒரு வெள்ளைக்கார இஞ்சினியர் வந்தார். நீங்கள் அவருக்கு ஜீப் ஓடினீர்கள். அந்த ஜீப் எங்கள் வயல் வரம்பில் சேற்றில் புதைந்த அன்றுதான் நான் உங்களை முதலில் கண்டது. தலை முதல் கால் வரை சேறு. சிரித்துவிட்டேன். "சிரிச்சது போதும், ஒரு பலகை இருந்தா குடு புள்ள" என்றீர்கள். எங்கள் ஊரில் யாரும் என்னை அப்படி அதட்டியதில்லை.

இஞ்சினியர் ஊருக்குத் திரும்பும்போது கசெற் போடவும் எடுக்கவும் கூடிய தன் றேடியோவையும் ஒரேயொரு கசெற்றையும் உங்களிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஜீப்பில் ஓயாமல் கேட்ட கசெற் அது. அட்டையில் நாலு பேர், நாலு பேருக்கும் தோள் வரை சடை. அவர்கள் பெயர் உங்கள் வாயிலும் நுழையவில்லை, என் வாயிலும் நுழையவில்லை. சடையர் என்று நீங்கள் வைத்த பெயர்தான் பிறகு பரந்தன் தொடங்கி முல்லைத்தீவு வரைக்கும் நின்றது.

அவர்கள் என்ன பாடுகிறார்கள் என்று நான் கேட்டபோது, "தெரியாது புள்ள. ஆனா அந்த ஆளு தொண்டை கிழியக் கத்துறான் பாரு, அவனுக்கும் எங்கேயோ வலிக்குது" என்றீர்கள். இதைவிடத் தெளிவாக அந்தப் பாட்டை எனக்கு யாரும் பிறகு விளக்கவில்லை. மாஸ்டர் கூட.

நாங்கள் கலியாணம் முடித்தபோது ஐயா வரவில்லை. "தோட்டக்காட்டானுக்கு என்ர பிள்ளையோ?" என்று சந்தையில் நின்று சத்தமாகக் கேட்டார். அந்தச் சொல் உங்கள் காதுக்கு வந்ததை நான் அறிவேன். அன்று முழுக்க றேடியோவைக் கழற்றித் துடைத்துப் பூட்டிக்கொண்டிருந்தீர்கள்.

பிறகு பெருந்தெருவில் பலகை அடித்த ஒரு கடை எடுத்து, பாட்டு எடுத்துக்கொடுக்கும் தொழிலைத் தொடங்கினீர்கள். முதல் வேலையே சடையரின் கசெற்றைப் படி எடுப்பதுதான். ஒன்றிலிருந்து மற்றதுக்கு நேரே எடுக்கும் வயர் அப்போது எங்களிடம் இல்லை. கலியாண வீடுகளுக்கு ஒலிபெருக்கி கட்டுகிறவரிடம் இன்னொரு றேடியோவை இரவலாக வாங்கிவந்து, இரண்டையும் எங்கள் வீட்டு மேசையில் முகத்துக்கு முகம் வைத்து, ஒன்றைப் பாடவிட்டு மற்றதைக் கேட்கவிட்டீர்கள். மூன்றாவது பாட்டு. சடையர் கத்தி முடித்து, கிற்றார் மட்டும் மெல்ல மெல்ல வரும் இடம். எனக்கு ஒன்றும் தெரியாது. குசினிக்குள் இருந்து கூப்பிட்டேன்.

"இஞ்சாருங்கோ, தேத்தண்ணி ஆறுது."

நீங்கள் சொன்னீர்கள்: "உஸ்! ரெக்கோடு போகுது புள்ள." அதற்குப் பிறகு கதிரை கிறீச்சிட்டது, நீங்கள் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் போனது, எல்லாம் அதில் விழுந்துவிட்டது.

திரும்ப எடுப்போம் என்றுதான் இருந்தீர்கள். அடுத்த நாளே இஞ்சினியர் தந்த கசெற்றின் நாடா மெசினில் சிக்கி நார் நாராகிவிட்டது. பென்சிலால் சுற்றிப் பார்த்தீர்கள், ஒட்டுப் போட்டுப் பார்த்தீர்கள். சரிவரவில்லை. என் தேத்தண்ணி விழுந்த அந்தப் படிதான் கடையின் தாய்க் கசெற் ஆயிற்று. அன்று நான் எவ்வளவு பயந்தேன் தெரியுமா? ஏசுவீர்கள் என்று நினைத்தேன். "விடு, அவங்களுக்கும் தேத்தண்ணி வேணும்ல, நேரம் பூரா கத்துறாங்க" என்றீர்கள்.

அந்தக் கசெற் போன போக்கு! லொறிக்காரர் எடுத்தார்கள், பஸ்காரர் எடுத்தார்கள், ரியூட்டறிப் பெடியள் எடுத்தார்கள். இங்கிலீஷ் தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரும் எடுத்தார்கள். மெல்லிய கிற்றார் வரும் இடத்தில் பஸ்ஸில் இருக்கும் சனம் முழுவதும் சேர்ந்து "தேத்தண்ணி ஆறுது" என்று சொல்லும். சந்தையில் பெடியள் என்னைக் கண்டால் அந்த ராகத்திலேயே சொல்லிக்கொண்டு போவார்கள். வெட்கத்தில் நான் பத்து நாள் வெளியே போகவில்லை. உங்களுக்கோ பெருமை.

ஐயா இரண்டு வருடம் எங்களோடு கதைக்கவில்லை. பரந்தன் சந்தித் தேத்தண்ணிக் கடையில் ஒரு நாள் காலையில் அவர் இருக்க, சடையரின் கசெற் போயிருக்கிறது. கிற்றார் வரும் இடத்தில் என் குரல். ஐயா கையில் கிளாசோடு அப்படியே இருந்தாராம். பாட்டு முடிந்ததும், "தம்பி, அந்த இடத்தைத் திரும்பப் போடும்" என்றாராம். போட்டார்களாம். இன்னொரு தேத்தண்ணி சொன்னாராம். திரும்பவும் போடச் சொன்னாராம். கடைக்காரர் எனக்குச் சொன்னது இது. ஐயாவிடம் நான் கேட்டதில்லை. கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்.

அன்று மத்தியானம் அவர் எங்கள் படலையில் வந்து நின்றார். எனக்கு அப்போது கமலி வயிற்றில் ஏழு மாதம். ஐயா என்னைப் பார்க்கவில்லை, உங்களைத்தான் பார்த்தார்.

"என்ர பிள்ளை தேத்தண்ணி எண்டு கூப்பிட்டா உடன எழும்பிப் போகவேணும், விளங்குதோ? உஸ் எண்டுறதில்லை."

நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு, "இனிமே சொல்ல மாட்டேன் மாமா" என்றீர்கள். ஐயா உள்ளே வந்து இருந்தார். நான் தேத்தண்ணி போட்டேன். சீனியை இரண்டு தரம் போட்டுவிட்டேன். ஐயா ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார்.

இவ்வளவு சந்தோஷத்துக்குள்ளும் உங்களுக்கு ஒரு உறுத்தல் இருந்தது. ஒவ்வொரு கசெற் விற்கும்போதும் அந்த நாலு பேரின் கணக்கில் ஒன்று ஏறும், நிறைய ஏறினால் தங்கத்தில் ஒரு தட்டுச் செய்து சுவரில் மாட்டிக் கௌரவிப்பார்கள் என்று இஞ்சினியர் சொல்லியிருந்தாராம். அதை நீங்கள் மறக்கவில்லை. "நாம எடுக்குறது ஒண்ணும் அவங்க கணக்குல ஏறாதுல்ல?" என்று கேட்டுக்கொண்டே இருப்பீர்கள்.

ஒரு நாள் கடையில் வைத்து மாஸ்டரிடம் கசெற் அட்டையைக் கொடுத்து, அதில் இருந்த கொம்பனி விலாசத்துக்கு ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னீர்கள். நான் கமலியை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னெண்டு எழுத?" என்றார் மாஸ்டர்.

"கேட்காம எடுத்துட்டோம், மன்னிச்சுக்கங்கன்னு எழுதுங்க. அப்புறம், இங்க இவ்வளவு பேருகிட்ட உங்க பாட்டு இருக்கு, உங்க கணக்கு குறைவா இருக்குன்னு எழுதுங்க."

"எவ்வளவு பேரெண்டு எழுதிறது?"

நீங்கள் யோசித்தீர்கள். விரலை மடக்கினீர்கள், விட்டீர்கள்.

"அது எப்பிடி மாஸ்டர் சொல்றது? நான் குடுத்தது எனக்குத் தெரியும். வவுனியா லொறிக்காரருக்கு ஒண்ணு குடுத்தேன், அவரு ஊர்ல எத்தனை பேருக்கு எடுத்துக் குடுத்தாரோ. தண்ணீரூற்று காதர் நானா கடைக்கு ஒண்ணு குடுத்தேன், அவரு சீலை வாங்க வர்றவங்களுக்கெல்லாம் எடுத்துக் குடுக்குறாரு. அதுல இருந்து எடுத்தவங்க? ஒரு வீட்டுல கசெற் ஒண்ணு, கேக்குறது வேலிக்கு அந்தப் பக்கமும் சேர்த்து பத்துப் பேரு. நம்ம கிளிநொச்சியிலயே இப்படின்னா, இந்த மாதிரி ஊரு உலகத்துல எத்தனை இருக்கும்?"

"அப்ப நிறைய எண்டு எழுதுவமே?"

"நிறையன்னு எழுதுங்க. நிறையத்துக்கு மேலன்னு எழுதுங்க."

மாஸ்டர் சிரித்துக்கொண்டே, "இதுக்கேன் பெருமாள் இவ்வளவு பாடு? அவையளுக்குக் குறைஞ்சா என்ன?" என்றார்.

நீங்கள் சொன்னீர்கள். "எங்கம்மா கொழுந்து பறிச்சுக் கொண்டாந்து நிறுவைக்கு வைக்கும். தராசு ஒண்ணு காட்டும், துண்டுல ஒண்ணு எழுதுவாங்க. ஈரம்னு கழிப்பாங்க, கூடைன்னு கழிப்பாங்க. அம்மா ஒண்ணும் பேசாது. அந்தத் துண்டை லயத்துக்குக் கொண்டுவந்து பார்த்துக்கிட்டே இருக்கும். அதுக்கு எழுத்துத் தெரியாது மாஸ்டர். ஆனா குறைச்சு எழுதியிருக்காங்கன்னு தெரியும்."

மாஸ்டர் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. கடிதத்தை எழுதி, உங்களுக்கு வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கினார். நீங்களே கொண்டுபோய்த் தபாலில் போட்டீர்கள். பதில் வரவில்லை. அது போய்ச் சேர்ந்ததா? யாராவது பிரித்தார்களா? அந்த நாலு பேரில் ஒருவராவது கிளிநொச்சி என்ற பெயரைத் தன் வாயால் வாசித்துப் பார்த்தாரா?

இனி வருவதை எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனால் எழுதத்தான் வேண்டும்.

உங்களுக்குக் காய்ச்சல் வந்தது ஊரடங்கு போட்டிருந்த நாட்களில். மலேரியாதானே, எல்லாருக்கும் வருவதுதானே என்று இருந்துவிட்டோம். மூன்றாம் நாள் காலையில் என்னைப் பார்த்து உங்கள் அம்மாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டீர்கள். ஐயா உழவு இயந்திரத்தின் பெட்டியில் வைக்கோலைப் பரப்பினார். தன் வெள்ளை வேட்டியைத் தடியில் கட்டி முன்னால் நட்டார். தெருவில் ஒரு மனிதர் இல்லை. உங்கள் தலை என் மடியில் இருந்தது.

சந்தியில் ஆமி மறித்தது. துவக்குகளுக்கு முன்னால் ஐயா இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு இறங்கினார். அவர்களுக்கு எங்கள் பாஷை விளங்காது. ஐயா திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார்: "என்ர மகன். என்ர மகன்." மருமகன் என்று சொல்லவில்லை. உங்களுக்கு அது கேட்டதா? அந்த ஒரு கேள்விக்காவது எனக்குப் பதில் தெரிந்திருக்கலாம்.

நெடுநேரம் நின்றபின் விட்டார்கள். ஆஸ்பத்திரியில் இருந்த ஒரேயொரு டொக்டர் தன்னால் ஆனதைச் செய்தார். மூளைக்கு ஏறிவிட்டது என்றார். மறுநாள் மத்தியானம் நீங்கள் போய்விட்டீர்கள்.

கடையைத் திறந்து பார்க்க எனக்கு மனம் வரவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று ஒரு மாதம் போனது. சண்டையில் கடைத்தெரு எரிந்த அன்று உங்கள் கடையும் எரிந்தது. தாய்க் கசெற், நீங்கள் எழுதிவைத்த அட்டைகள், எல்லாம். வீட்டில் ஒரு கசெற்கூட வைத்திருக்கவில்லை. எத்தனையோ பேருக்கு எடுத்துக் கொடுத்தோம், எங்களுக்கு என்று ஒன்று எடுத்து வைக்க எனக்குத் தோன்றவில்லையே.

மெல்ல மெல்ல உங்கள் குரல் என் காதிலிருந்து போகத் தொடங்கியது. முகம் இருக்கிறது, கலியாணப் படம் இருக்கிறது. குரலுக்கு என்ன செய்வது? "அப்பா எப்பிடி அம்மா கதைப்பார்?" என்று கமலி கேட்டாள். உங்களைப் போலக் கதைத்துக் காட்டினேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் பிழையாகச் செய்கிறேன் என்று எனக்குத் தெரிந்தது.

மாஸ்டர் வேலிக்கரையில் நின்று அந்தக் கணக்கைச் சொல்லிவிட்டுப் போனாரே, அன்று முழுக்க ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தேன். கணக்கில் ஏறாத கசெற்றுகள் நிறையத்துக்கு மேல் இருக்கின்றன என்றால், அதில் ஒன்றாவது எங்கேயோ ஒரு வீட்டில் கிடக்கத்தானே வேண்டும்? அதில் நீங்கள் இருப்பீர்கள்தானே?

பஸ் நிலையத்தில் விசாரித்தேன். எல்லாருக்கும் நினைவிருந்தது, யாரிடமும் இருக்கவில்லை. "சிக்கி எறிஞ்சிட்டம் அக்கா" என்றார்கள். "ஓடேக்க விட்டிட்டு வந்திட்டம்" என்றார்கள். ஒருவர் அதன்மேல் பக்திப் பாட்டு எடுத்துவிட்டேன் என்று தலையைச் சொறிந்தார். பிறகுதான் கமலியைக் கூட்டிக்கொண்டு தண்ணீரூற்றுக்குப் போனேன்.

காதர் நானா இப்போதும் அதே சீலைக் கடையில்தான். தாடி நரைத்துவிட்டது. கமலியைக் கண்டதும் எழும்பிவிட்டார்.

"பெருமாள்ட மகளா? வாங்கோ, வாங்கோ. அவர்ட நெத்தி அப்பிடியே இருக்கு."

நான் வந்த காரியத்தைச் சொன்னேன். நானா கையிலிருந்த சீலையை மடித்து வைத்தார்.

"என்ட கசெற் தேஞ்சு போச்சு தங்கச்சி. கடைசியில அவங்கட பாட்டுக் கேக்காது, இரைச்சல்தான் கேக்கும். ஆனா என்னட்ட இருந்து எடுத்த ஆக்கள் இருக்காங்க. முள்ளிவாய்க்கால்ல றோஸ் எண்டு ஒரு அம்மா. அவட மகன் அந்தக் கசெற் எண்டா உசிர விடுவான். அங்க போய்ப் பாருங்கோ." சொல்லிவிட்டுத் தன் றேடியோவை ஒரு புதுச் சாறத்தில் சுற்றி, வெறுங் கசெற் ஒன்றையும் வைத்துக் கட்டினார். "இருந்தா, அங்கயே வெச்சு எடுங்கோ. றேடியோவைப் பஸ்ஸில குடுத்து விட்டாச் சரி."

றோஸ் அக்காவின் வீடு கடலுக்குக் கிட்ட. அவர் வலை பொத்திக்கொண்டிருந்தார். நான் கேட்டதும், கையிலிருந்த ஊசியைக் கீழே வைக்காமலே என்னைப் பார்த்தார்.

"அந்தக் கசெற் உனக்கேன் பிள்ளை?"

"அதில என்ர மனிசன்ர குரல் இருக்கு அக்கா."

அவர் உள்ளே போய் அலுமாரியைத் திறந்தார். உடுப்புகளுக்கு அடியில் துணியில் சுற்றி வைத்திருந்தார். றேடியோவில் போட்டார். முதல் பாட்டு, இரண்டாம் பாட்டு. சடையரின் குரல் நீருக்குள் இருந்து வருவது போல் இருந்தது. படியின் படியின் படி அல்லவா. மூன்றாவது பாட்டில் கிற்றார் வந்தது. கமலியின் கையை இறுக்கிப் பிடித்தேன்.

"இஞ்சாருங்கோ, தேத்தண்ணி ஆறுது."

என் குரல் இவ்வளவு மெல்லியதாகவா இருந்தது?

"உஸ்! ரெக்கோடு போகுது புள்ள."

நான் அழுவேன் என்று நினைத்தேன். அழவில்லை. நீங்கள் பக்கத்து அறையில் இருப்பது போல் இருந்தது, அவ்வளவுதான். றோஸ் அக்கா வாயில் கையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"இது நீயோ? என்ர மகன் என்ன சொல்லுறவன் தெரியுமோ? இந்தப் பாட்டுக்காரன் ஒரு தமிழ்ப் பொம்பிளையைக் கட்டியிருக்கிறான் அம்மா எண்டு! நாங்களும் நம்பிக்கொண்டு இருந்தனாங்கள்!"

இருவரும் சிரித்தோம். கமலி ஏன் என்று விளங்காமலே சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த பாட்டுக்குள் ஒரு இளம் குரல் குறுக்கே வந்தது. தெரியாத இங்கிலீஷில், சுருதி இல்லாமல், தொண்டை கிழியக் கத்திப் பாடியது. றோஸ் அக்காவின் சிரிப்பு நின்றுவிட்டது.

"அவன்தான். தெரியாமல் றெக்கோட் கட்டையை அமத்திப்போட்டுப் பாடினவன். பாட்டைப் பழுதாக்கிப்போட்டாய் எண்டு நான் ஏசினனான். போன வருஷம் தொழிலுக்குப் போன வள்ளம் வரேல்லை." றேடியோவை நிறுத்தினார். "நீ எத்தினை தரமும் கேள் பிள்ளை. இரவு நிண்டு கேள். ஆனா கசெற்றைக் கேக்காதை. தரமாட்டன்."

"வேண்டாம் அக்கா. அது உங்கட பிள்ளை. ஒரு படி எடுக்க விடுங்கோ."

நீங்கள் செய்தது போலவே செய்தோம். மேசையில் இரண்டு றேடியோவையும் முகத்துக்கு முகம் வைத்தோம். பற்றரி பாதியில் போய்விடுமோ என்று பயந்து, அக்கா ரோச் லைற்றைக் கழற்றி அதில் இருந்ததையும் எடுத்து வைத்தார். கோழிகளைத் துரத்தினார். பக்கத்து வீட்டுக்குக் குரல் கொடுத்துச் சத்தம் போடவேண்டாம் என்றார். கடலை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. கட்டையை அமத்தினேன்.

கமலி இடத்தில் இருக்காத பிள்ளை. எழும்பி ஓடுவாள், ஏதாவது கேட்பாள் என்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது பாட்டு வந்தது. நான் கூப்பிட்டேன். நீங்கள் உஸ் என்றீர்கள். கமலி சட்டென்று விரலை உதட்டில் வைத்தாள். அந்த விரலை, கசெற்றின் அந்தப் பக்கம் ஓடி முடியும் வரைக்கும் எடுக்கவில்லை. காலில் எறும்பு கடித்து, சிவந்து தடித்ததைப் பிறகுதான் பார்த்தேன். அவள் வாய் திறக்கவில்லை.

நாடா முடிந்து கட்டை தானாக எழும்பியதும், "அப்பா சொன்னவர் எல்லோ" என்றாள்.

இத்தனை நாளும் நான்தான் அவளுக்கு உங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்று நீங்களே ஒன்று சொன்னீர்கள், உங்கள் மகள் கேட்டாள்.

புறப்படும்போது றோஸ் அக்கா படலை வரை வந்தார். "அது தேஞ்சு போனா நான் என்ன செய்யிறது பிள்ளை?" என்று கேட்டார். இவ்வளவு நேரமும் அவர் பயந்தது அதற்குத்தான். என் பையில் இருக்கும் படியில் அவர் மகனும் இருக்கிறான் என்றேன். அவர் பையைத் தொட்டுப் பார்த்தார்.

அதனால் இப்போது ஒரு முடிவு எடுத்திருக்கிறேன், கேளுங்கள். தை பிறந்ததும் ஐயா வீட்டு முன் அறையில் கசெற் எடுத்துக்கொடுக்கத் தொடங்கப்போகிறேன். காதர் நானா ஒரு பழைய செற் பார்த்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டிருக்கிறார். ஐயா யன்னலுக்குக் கம்பி போடுகிறார். பாட்டுக் கேட்டு வருகிறவர்களுக்குப் பாட்டு எடுத்துக் கொடுப்பேன். குரல் கொண்டுவருகிறவர்களுக்குக் குரல் எடுத்துக் கொடுப்பேன். றோஸ் அக்காவின் மகனை இரண்டு படி எடுத்து, ஒன்றை அவருக்கும் மற்றதைத் தண்ணீரூற்றுக்கும் அனுப்புவேன். ஒன்று எரிந்தால் இன்னொன்று இருக்கும்படி எடுப்பேன். எவருடைய குரலையும், உங்களுடையதையும், இனி ஒரே இடத்தில் வைக்கமாட்டேன். இது நான் உங்களுக்குத் தரும் சொல்.

உங்கள் மனிசி,
கமலியின் அம்மா,
தவமணி